திரும்பி வந்து உட்காரும் பறவை: ஈப்பிடிப்பான்களைப் பிரித்தறியும் வழி

ஈப்பிடிப்பான் நமக்கு ஒரு சலுகை தரும். கிளையிலிருந்து பாய்ந்து, காற்றிலேயே ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, பெரும்பாலும் அதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ திரும்பி வந்து உட்காரும். ஓரிடத்தில் நில்லாமல் இலைக்குள் புகுந்து புகுந்து ஓடும் கதிர்க்குருவியிடம் இந்தச் சலுகை கிடைக்காது. அதைப் பார்த்தது பார்த்ததுதான். ஈப்பிடிப்பான் ஐந்து நிமிடத்தில் நான்கைந்து முறை காட்சி கொடுக்கும்.

புதியவர்கள் இந்த வசதியை வீணடிப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். பறவை கண்ணில் பட்டதும் நிறத்தை மட்டும் மனத்தில் வாங்கிக்கொண்டு புத்தகத்தையோ அலைபேசியையோ திறந்துவிடுவார்கள். குனிந்த தலை நிமிர்வதற்குள் அது இரண்டு முறை போய்வந்திருக்கும். நானும் இப்படித்தான் முதல் இரண்டு ஆண்டுகளை ஓட்டினேன். என் பழைய பட்டியல்களில் "பழுப்பு ஈப்பிடிப்பான்" என்று எழுதியிருப்பவற்றில் எத்தனை உண்மையில் அதுதான் என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியை ஒரு பார்வைக்கு ஒரு கேள்வி என்ற கணக்கில் அமைத்திருக்கிறேன். பறவை ஒவ்வொரு முறை திரும்பி வந்து உட்காரும்போதும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பாருங்கள். நிறத்துக்குக் கடைசி இடம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் தென்னிந்தியாவில், குறிப்பாக மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரங்களிலும் காணக்கூடியவை. தமிழ்ப் பெயர்கள் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

முதலில், இது ஈப்பிடிப்பான்தானா?

சிட்டுக்குருவி அளவு அல்லது அதைவிடக் கொஞ்சம் சிறிய உடல். நிமிர்ந்த இருப்பு. முகத்துக்குப் பெரிதாகத் தோன்றும் கரிய கண். குட்டைக் கால்கள். அடியில் அகன்று தட்டையான அலகு, அதன் ஓரத்தில் மீசைபோலச் சில முடிகள். இவற்றோடு பாய்ந்து பிடித்துத் திரும்பும் பழக்கமும் இருந்தால் சந்தேகம் வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அரசவால் ஈப்பிடிப்பானுக்குப் பெயரில் ஈப்பிடிப்பான் இருந்தாலும் அது வேறு குடும்பம். மஞ்சள் வயிறும் சாம்பல் தலையுமாக ஓயாமல் சத்தமிட்டுக்கொண்டு கலவைக் கூட்டத்தோடு திரியும் சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் அப்படியே. இரண்டையும் பார்த்தவுடனே சொல்லிவிடலாம் என்பதால் இங்கே அவற்றுக்கு வேலை இல்லை.

முதல் பார்வை: எங்கே உட்கார்ந்திருக்கிறது?

உயரத்தை இரண்டு விதமாகக் கேளுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரம், கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம். முன்னதற்குக் கண் போதும், பின்னதற்கு அலைபேசி போதும். இந்த இரண்டு விடைகளும் பாதிப் பெயர்களை அடித்துவிடும். இலையற்ற கிளை நுனியில் வெட்டவெளியில் உட்கார்ந்திருக்கிறதா, மூங்கில் புதருக்குள் இடுப்பளவு உயரத்தில் இருக்கிறதா, மரத்தின் உச்சியிலோ மின்கம்பியிலோ தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் பிடித்த இருக்கை உண்டு. கடல்மட்ட உயரமும் அப்படியே. நீலகிரி ஈப்பிடிப்பான் பெரும்பாலும் 1200 மீட்டருக்கு மேலே வாழ்வது. சமவெளித் தோப்பில் அதைக் கண்டதாக எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

கூடவே மாதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஈப்பிடிப்பான்களில் பாதி வலசை வருபவை. செப்டம்பர், அக்டோபரில் வந்து ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும். ஜூன் மாதத்தில் சமவெளியில் நீல முதுகும் ஆரஞ்சு மார்புமாக ஒன்று பாடிக்கொண்டிருந்தால் அது டிக்கெல் நீல ஈப்பிடிப்பான்தான் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய நீலத்தொண்டை ஈப்பிடிப்பான் அப்போது இமயமலைப் பக்கம் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் பார்வை: கீழ் அலகும் காலும்

அதிகம் பேர் தவறவிடுவது இதைத்தான். மேல் அலகைப் பார்க்காதீர்கள், எல்லாவற்றுக்கும் கருப்புதான். கீழ் அலகு முழுக்க வெளிறியிருக்கிறதா, அடிப்பகுதி மட்டும் மஞ்சளாகி நுனி கருத்திருக்கிறதா, முழுக்கக் கருப்பா? கால் கருப்பா, தோல் நிறமா? நிழலில் உடல் நிறம் எவ்வளவு ஏமாற்றினாலும் இவை அவ்வளவாக ஏமாற்றாது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 பைனாகுலர் இருந்தால் பதினைந்து மீட்டர் தூரத்தில் கால் நிறம் தெரிந்துவிடும்.

படம் எடுப்பவர்கள் பறவை நேரே நம்மைப் பார்க்கும் நொடிக்காகக் காத்திருப்பார்கள். அழகான படம் கிடைக்கும், அடையாளம் கிடைக்காது. பக்கவாட்டில் அலகும் காலும் தெரிய ஒரு படம், வால் தெரிய ஒரு படம் எடுத்த பிறகு அழகுக்கு வாருங்கள்.

மூன்றாம் பார்வை: வால்

பறந்து போகும்போது பாருங்கள், விரியும் வாலில்தான் விடை இருக்கும். வாலடியில் வெள்ளை உண்டா? வால் செம்பழுப்பா, நீலமா, கருப்பா? உட்கார்ந்ததும் வாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறதா?

கடைசியாக நிறம்

நீல இறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வரும் நிறம் அது. நல்ல வெளிச்சம் பட்டால் பளிச்சிடும், அடர்ந்த நிழலில் அதே பறவை கருப்பாகத் தெரியும். பச்சை இலைக்கூரைக்குக் கீழே வெள்ளை வயிறு பச்சையடிக்கும், மாலை வெயிலில் சாம்பல் நிறம் பழுப்பாகும். அதனால்தான் நிறத்தைக் கடைசியில் வைத்தேன். முன்பு பார்த்தவற்றோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சின்னப் புள்ளிகளும் செதில் செதிலான பழுப்பு உடலுமாக ஒன்றைக் கண்டால் புது இனம் என்று பதற வேண்டாம். இந்தக் குடும்பத்தின் இளம் பறவைகள் இப்படித்தான் இருக்கும். டிக்கெல் நீல ஈப்பிடிப்பானின் குஞ்சுக்கு இறக்கையும் வாலும் மட்டுமே நீலமாக இருக்கும்.

இனி ஒவ்வொரு குழப்பமாக எடுத்துக்கொள்வோம்.

பழுப்பு இரட்டையர்

குளிர்காலத்தில் அதிகத் தலைவலி தருபவை இவை: பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்புமார்பு ஈப்பிடிப்பானும். இரண்டும் 13 சென்டிமீட்டர் அளவு, இரண்டுக்கும் பெரிய கண், அதைச் சுற்றி வெள்ளை வளையம். புத்தகப் படத்தில் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் வேறுபாடு எளிதாகத் தோன்றும். காட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட அவற்றுக்கு என்ன அவசியம்?

பழுப்பு ஈப்பிடிப்பானின் பழுப்பில் சாம்பல் கலந்திருக்கும். அடிப்பகுதி அழுக்கு வெள்ளை, மார்பில் மங்கலான நிழல். கீழ் அலகின் அடி மட்டும் மஞ்சள், நுனி கருமை. கால் கருப்பு. திறந்த இடத்தில், வெறுங்கிளையில் உட்காரும். தோப்பு, பூங்கா, காட்டோரம் என்று எங்கும் வரும்.

பழுப்புமார்பு ஈப்பிடிப்பானின் பழுப்பு செம்மண்ணின் சாயல் கொண்டது. பிட்டமும் வாலோரமும் இன்னும் சிவந்திருக்கும். வெள்ளைத் தொண்டைக்குக் கீழே மார்பில் பழுப்புப் பட்டை தெளிவாகத் தெரியும். கீழ் அலகு முழுவதும் வெளிறிய மஞ்சள், கால் தோல் நிறம். காட்டின் நிழலுக்குள், மூங்கிலும் செடியும் அடர்ந்த இடத்தில், தாழ்ந்த கிளையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே பல நேரம் அது பாயும்போதுதான்.

மார்புப் பட்டையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிழல் விழுந்தால் பழுப்பு ஈப்பிடிப்பானுக்கும் பட்டை முளைத்துவிடும். கால் நிறத்தைப் பாருங்கள். கருப்பா, வெளிறியதா? என் பழைய படங்களை ஒருநாள் வரிசையாகத் திறந்து கால்களை மட்டும் பார்த்தேன். மூங்கில் புதரில் எடுத்த ஒரு படத்தில் கால்கள் வெளிறிக் கிடந்தன. நான்கு ஆண்டுகளாக அந்தப் பறவை என் கணினியில் வேறு பெயரில் இருந்திருக்கிறது.

பழுப்புமார்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயரில் ஒரு தமிழ்ப் பெயர் இருப்பது பலருக்குத் தெரியாது: மஸ்கிகாப்பா முத்துயி. இலங்கையின் பருத்தித்துறையில் கிடைத்த பறவையை வைத்து 1854-இல் பறவையியலாளர் எட்கர் லேயார்ட் அதை விவரித்தபோது, தனக்குப் பறவைகளைச் சேகரித்துக் கொடுத்துவந்த பணியாளர் முத்துவின் பெயரைச் சூட்டினார். இந்தியாவின் வடகிழக்கிலும் சீனாவிலும் இனப்பெருக்கம் செய்துவிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் குளிர்காலம் கழிக்க வருகிற பறவைக்கு நம் ஊர்ப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதாக ஒன்று நடுவில் புகுவதுண்டு. செவ்வால் ஈப்பிடிப்பான், மேற்கு இமயமலையில் கூடுகட்டித் தென்மேற்கு இந்தியாவுக்கு வருவது. முகம் வெறுமையாக இருக்கும், கண்வளையம் மங்கல். வால் முழுக்கச் செம்பழுப்பு. மூன்றாம் பார்வையில் வாலைப் பார்த்திருந்தால் இதைத் தவறவிட மாட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை: பழுப்பு ஈப்பிடிப்பான் பெரும்பாலும் வலசை வருவதுதான் என்றாலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொஞ்சம் இங்கேயே இனப்பெருக்கம் செய்கின்றன. எனவே மலையில் மே மாதம் பார்த்தால் மாதத்தைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

நீல முதுகு, ஆரஞ்சு மார்பு

டிக்கெல் நீல ஈப்பிடிப்பான் பழக்கப்பட்டால் மற்றவை தானாக விலகும். ஆண்டு முழுதும் இருக்கும். வறண்ட காடு, புதர், மூங்கில், மரம் அடர்ந்த தோட்டம் எல்லாம் அதன் இடம். உலோகக் கம்பியைச் சுண்டியதுபோலச் சில ஒலிகள் இறங்கி ஏறும் சிறு பாட்டு. ஒருமுறை காதில் ஏறிவிட்டால் பிறகு பறவையைத் தேட வேண்டியதில்லை. பொழுது சாய்ந்து, மற்ற பறவைகள் அடங்கிய பிறகும் இரை தேடிக்கொண்டிருக்கும் பழக்கமும் இதற்கு உண்டு.

ஆணின் தொண்டை ஆரஞ்சு, மார்பு ஆரஞ்சு, அதற்குக் கீழே வெள்ளை. நீலத்தொண்டை ஈப்பிடிப்பானின் ஆணுக்குப் பெயர் சொல்வதுபோலத் தொண்டை நீலம், ஆரஞ்சு மார்பில்தான் தொடங்கும். சிலவற்றில் ஆரஞ்சு நடுவில் கொஞ்சம் மேலேறியிருக்கும், அப்போதும் தொண்டையின் இருபக்கமும் நீலமே. இரண்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் பிரிக்க முயல வேண்டாம். காத்திருங்கள், திரும்பும்.

பெண்களில்தான் சிக்கல். டிக்கெல், நீலத்தொண்டை, அடுத்து வரும் வெண்வயிற்று நீலம் ஆகிய மூன்று இனப் பெண்களுக்கும் ஆரஞ்சுத் தொண்டையும் மார்பும் இருப்பதால் முன்பக்கம் உதவாது, பின்பக்கம் பாருங்கள். மேலே நீலம் கலந்த சாம்பல், வாலிலும் இறக்கையிலும் நீலம் என்றால் டிக்கெல். மேலே நீலமே இல்லாமல் பழுப்பு, வால் சிவந்த பழுப்பு என்றால் நீலத்தொண்டைப் பெண். தலை சாம்பல், வால் அடர்ந்த செம்பழுப்பு, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே வெள்ளை என்றால் வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பானின் பெண்.

இந்த வெண்வயிற்று நீல ஈப்பிடிப்பான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, உலகில் வேறெங்கும் கிடையாது. ஆணுக்கு ஆரஞ்சே இல்லை. தொண்டை, மார்பு எல்லாம் கருநீலம், அடிவயிறு மட்டும் வெள்ளை. பசுமைமாறாக் காட்டின் அடிச்செடிகளுக்குள் சத்தமில்லாமல் திரியும். உயரமான சோலைக்காட்டில் இதே நிற அமைப்போடு நீண்ட கால்களில் தரையில் தத்திக்கொண்டிருப்பது வேறு பறவை: சோலைக்கிளி. ஈப்பிடிப்பானின் குடும்பம்தான், ஆனால் 2017-இல் சோலையின் பெயராலேயே தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. இங்கே மீண்டும் கால் நீளம்தான் கை கொடுக்கும்.

முழு நீலம் இரண்டு

ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைகளில் டிசம்பர் மாதம் இந்தக் குழப்பம் நிச்சயம். நீலகிரி ஈப்பிடிப்பான் அங்கேயே வாழ்வது. நீலமேனி ஈப்பிடிப்பான் வடக்கிலிருந்து வரும் விருந்தாளி.

செம்புப் பாத்திரத்தைத் தேய்க்காமல் விட்டால் ஏறும் களிம்பின் பச்சைநீலம்தான் நீலமேனியின் நிறம். உடல் முழுக்க ஒரே சீராக இருக்கும். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே மட்டும் மை தீட்டியதுபோலக் கருப்பு, அது தூரத்திலிருந்தே தெரியும். மரத்தின் உச்சி, கம்பி என்று ஒளிவு மறைவில்லாமல் உட்காரும்.

நீலகிரியின் நீலம் அவுரி நீலம், அதாவது இருண்ட நீலம். நெற்றியும் கண்ணின் மேற்பகுதியும் மட்டும் கொஞ்சம் வெளிறித் துலங்கும். முகத்தில் அந்த மை கிடையாது, இருண்ட உடலில் எடுத்துக்காட்டாது என்று சொல்வது இன்னும் சரி. வால் விரிந்தால் அடியில் இருபக்கமும் சிறு வெள்ளைப் புள்ளி தெரியும். நீலமேனிக்கு அது இல்லை. மங்கலான பெண் பறவைகளில் இந்த வால் அடையாளத்தை மட்டும் நம்பாமல், பச்சைச் சாயல் இருக்கிறதா, முகத்தில் கருமை இருக்கிறதா என்று சேர்த்துப் பாருங்கள்.

அதே மலைகளில் 1500 மீட்டருக்கு மேலே, சோலையின் அடிச்செடியில் ஆரஞ்சு உடலும் கருப்புத் தலையும் கருப்பு இறக்கையுமாக ஒன்று உட்கார்ந்திருந்தால் கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான். பிரித்தறிய எதுவுமில்லை, நின்று ரசிக்கலாம்.

வாலைத் தூக்குபவை

வெள்ளை ஓரமிட்ட கருப்பு வாலைத் தூக்கித் தூக்கி, கிடுகிடுவென்று கிலுகிலுப்பை ஆட்டியதுபோலச் சத்தமிடும் சின்னப் பழுப்புப் பறவை குளிர்காலத்தில் வரும். தெற்கே பெரும்பாலும் அது செம்மார்பு ஈப்பிடிப்பான். அதன் நெருங்கிய உறவான டைகா ஈப்பிடிப்பானும் இந்தியாவுக்கு வருவது என்பதால் சரிபார்ப்பது அவசியம்.

அலகு: செம்மார்பின் கீழ் அலகு அடியில் வெளிறியிருக்கும், டைகாவுக்கு முழுக்கக் கருப்பு. வால்: டைகாவுக்கு வாலை மேலிருந்து மூடும் குட்டை இறகுகள் வாலைவிடக் கருமையாக இருக்கும், செம்மார்பில் அப்படி இல்லை. முதிர்ந்த ஆண்: செம்மார்பு குளிர்காலத்திலும் சிவந்த தொண்டையை வைத்திருக்கும், டைகா அதை உதிர்த்துவிடும். எனவே டிசம்பரில் சிவப்புத் தொண்டை தெரிந்தால் விடை பெரும்பாலும் எளிது. நீலகிரி போன்ற மலைகளில் இருப்பவர்கள் மட்டும், தொண்டைச் சிவப்பு மார்புவரை இறங்கி அதன் ஓரத்தில் கருங்கோடு ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓடினால் அது காஷ்மீர் ஈப்பிடிப்பான், அன்றைய நாள் உங்களுடையது.

எழுதும்போது

பெயரை முதலில் எழுதாதீர்கள். இடம், தரையிலிருந்து உயரம், கீழ் அலகு, கால், வால், பிறகு நிறம் என்று பார்த்த வரிசையிலேயே குறித்துவிட்டு, அதன்பின் புத்தகத்தைத் திறங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடியே தெரியும். கால் தெரியவில்லை என்றால் "கால் தெரியவில்லை" என்று எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

பறவையை வரவழைக்க அலைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிடுவது சிலருக்குப் பழக்கம். ஈப்பிடிப்பானுக்கு அது தேவையே இல்லை, நின்றாலே வரும். கூடு கட்டும் காலத்தில் அது தொல்லையும்கூட.

நான்கு முறை திரும்பி வந்தும் விடை கிடைக்காத பறவைகள் இருக்கும். பறவைப் பட்டியல்களைப் பதிவிடும் இணையதளமான இபேர்டில் (eBird) இனம் குறிப்பிடாமல் குழுப் பெயரில் மட்டும் பதிவிட வசதி உண்டு, தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். படம் இருந்தால் தேதியும் இடமும் உயரமும் சேர்த்துக் கோப்பின் பெயரில் போட்டு வையுங்கள். நான்கு ஆண்டு கழித்துக் கால்களை மட்டும் பார்க்கும் நாள் உங்களுக்கும் வரும்.